கொல்லையில் கட்டிய படகும் பெருங்கடலும்

பெருங்கடல் ஒன்றைத் தனியொருவர் பாய்மரப் படகில் கடந்ததற்குக் கிடைக்கும் முதல் பதிவு 1876ஆம் ஆண்டுக்குரியது. ஆல்ஃபிரட் ஜான்சன் என்ற மீனவர் அந்த ஆண்டு ஜூன் 15 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையிலுள்ள குளோஸ்டர் துறையிலிருந்து கிளம்பினார். வழியில் நோவா ஸ்கோஷியாவில் ஒருமுறை கரையேறிக் குறைகளைச் சரிசெய்துகொண்டார். ஆகஸ்ட் 12 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்காசில் என்ற கடலோரச் சிற்றூரில் இறங்கினார். படகின் நீளம் 20 அடி. அமெரிக்கா விடுதலை பெற்று நூறாண்டு நிறைந்த ஆண்டு அது. அதனால் படகுக்கு நூற்றாண்டு என்ற பொருளில் ‘சென்டென்னியல்’ என்று பெயர்.

இப்படியொரு முயற்சி குளோஸ்டரில் தொடங்கியதில் வியப்பில்லை. அவ்வூர் மீனவர்கள் பெரிய பாய்க்கப்பல்களில் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய மேட்டுக்கடலுக்குப் போவார்கள். அங்கே போனதும் கப்பலிலிருந்து ‘டோரி’ எனப்படும் சிறு படகுகளை இறக்கி, படகுக்கு இருவராக ஏறிப்போய்த் தூண்டில் கயிறு விடுவார்கள். டோரிக்கு அடி தட்டை, பக்கம் வெளிநோக்கிச் சாய்ந்திருக்கும். குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கப்பல் தளத்தில் அடுக்கலாம். பனிமூட்டத்தில் வழி தப்பித் தாய்க்கப்பலைக் காணாமல் போனவர்கள் ஏராளம். தப்பிப் பிழைத்தவர்களும் உண்டு. டோரி நடுக்கடலில் தாக்குப்பிடிக்கும் என்பது அங்கே தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

ஜான்சன் செய்தது, அந்தத் திறந்த படகை மூடியதுதான். மேலே தளம் அடித்து, தான் உட்காரும் இடத்தில் மட்டும் திறப்பு விட்டு, உள்ளே நீர் புகாத அறைகள் பிரித்தார். ஆகஸ்ட் 2 அன்று புயலில் படகு தலைகீழாகக் கவிழ்ந்தது. ஏறக்குறைய இருபது நிமிடம் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டு கிடந்த அவர், ஓர் அலை வந்த நேரம் பார்த்துத் தன் பாரத்தையும் சேர்த்து இழுத்துப் படகை நிமிர்த்தினார். உணவும் குடிநீரும் பெரும்பகுதி போயின. பின்னர் எதிர்ப்பட்ட கப்பல் ஒன்று ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தது. ஏன் போனீர் என்று பின்னாளில் கேட்டவர்களிடம், ஊரார் சொன்னபடி தான் ஒரு முட்டாள் என்பதே காரணம் என்றாராம்.

அந்த இருபது நிமிடங்களில், தனியாளாகச் சிறு படகில் கடல் கடக்கும் கலையின் அடிப்படைச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. சிறு படகு கவிழாமலே போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது. உடைந்து விழும் அலையின் உயரம் படகின் நீளத்தில் பத்தில் ஆறு பங்கு இருந்து, அது பக்கவாட்டில் தாக்கினால், அநேகமாக எந்தப் படகும் உருண்டுவிடும். 1979இல் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் படகுப் போட்டியில் புயல் பதினைந்து போட்டியாளர்களைப் பலிகொண்ட பின், மாதிரிகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. 60 அடிப் படகைப் புரட்ட 36 அடி அலை வேண்டும். 10 அடிப் படகுக்கு ஆறடியே போதும். ஆறடி அலை அட்லாண்டிக்கில் அன்றாடம் எழுவது. எனவே கவிழுமா என்று கேட்பதைவிட, கவிழ்ந்தபின் தானாக நிமிருமா, உள்ளே நீர் புகாதிருக்குமா என்று கேட்பதே சரி. வாய் இறுக்கிக் கட்டிய சுரைக்குடுக்கையை அலை எப்படிப் புரட்டினாலும் அது மேலே வந்துவிடும். தனிப்பயணத்துக்குப் படகு கட்டிய எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அந்தக் குடுக்கையைத்தான் கட்ட முயன்றார்கள்.

ஜான்சனுக்குப் பிறகு பலர் கிளம்பினார்கள். 1882இல் பெர்னார்ட் கில்பாய் 18 அடிப் படகில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். வழியில் படகு கவிழ்ந்தது. பிறகு வாள்மீன் ஒன்று அடிப்பலகையைக் குத்தித் துளைத்தது. உணவு தீர்ந்து, படகில் வந்து விழுந்த பறக்கும் மீன்களையும் பிடிபட்ட கடற்பறவைகளையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவரை 1883 ஜனவரியில், குயின்ஸ்லாந்து கரை அதிகத் தொலைவில் இல்லாத நிலையில், ஒரு கப்பல் மீட்டது. பியானோ தயாரிக்கும் தொழிலில் இருந்த வில்லியம் ஆண்ட்ரூஸ் இதை விளம்பரத் தொழிலாகவே மாற்றினார். கொலம்பஸ் அமெரிக்கா கண்ட 400ஆம் ஆண்டான 1892இல், கித்தான் போர்த்திய பதினான்கரை அடி மடக்குப் படகில் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தார். படகின் பெயர் ‘சபோலியோ’. பயணச் செலவு கொடுத்த சோப்பின் பெயரும் அதுவே. 1901இல் புது மனைவியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அவர் திரும்பவில்லை. கடல் பயணமும் விளம்பரமும் கைகோத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் கோளாறு என்று நினைப்பவர்கள் ஆண்ட்ரூஸ் கதையைப் பார்க்கலாம்.

ஹோவர்ட் பிளாக்பர்ன் வேறு வகை. 1883இல் டோரியில் தாய்க்கப்பலைத் தவறவிட்டவர்களில் ஒருவர். கையுறை கடலில் போய்விட்டது. கை விறைத்துப்போகும் என்று தெரிந்ததும், துடுப்பைப் பிடித்த நிலையிலேயே விரல்களை வளைத்து வைத்துக்கொண்டு, அப்படியே உறையவிட்டு, நாள்கணக்கில் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தார். உடன் வந்தவர் இறந்துபோனார். பிளாக்பர்னின் விரல்கள் அத்தனையும் போயின. அதன்பின் குளோஸ்டரில் மதுக்கடை நடத்திய அந்த மனிதர், 1899இல் 30 அடிப் படகில் தனியாக இங்கிலாந்துக்கும், 1901இல் 25 அடிப் படகில் 39 நாளில் போர்ச்சுகலுக்கும் போனார். விரலில்லாத கையால் பாய்க்கயிறு கட்டியவர் அவர். இரண்டாவது படகு இன்றும் குளோஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே குளோஸ்டருக்குத் தமிழ் மாலுமிகளும் பாய்விரித்து வந்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவ்வூர் மாலுமிகளே அதை ஓட்டிவந்து 1938இல் குளோஸ்டரில் சேர்த்தார்கள். ராபின்சன் அதற்குமுன் ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்தவர்.

ஜான்சன் காலத்துச் சிறு படகுகள் ஒரு கடலைத்தான் கடந்திருந்தன. உலகையே தனியாகச் சுற்றிவரலாம் என்று காட்டியவர் ஜோஷுவா ஸ்லோகம். 1844இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து பெரிய பாய்க்கப்பல்களுக்குத் தலைவராக இருந்தவர். நீராவிக் கப்பல்கள் பெருகிய காலம். பாய்க்கப்பல் தலைவர்களுக்கு வேலை சுருங்கிக்கொண்டிருந்தது. 1887இன் இறுதியில் பிரேசில் கரையில் அவருடைய சொந்தக் கப்பல் தரைதட்டி உடைந்தது. அங்கேயே 35 அடிப் படகொன்றைக் கட்டி, மனைவி மக்களோடு ஊர் திரும்பினார். அந்தப் படகை நீரில் இறக்கிய நாள் 1888 மே 13. பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அன்றுதான். படகுக்கு ‘லிபர்டாடே’, அதாவது விடுதலை, என்று பெயர் வைத்தார்.

1892இல், முன்பே அறிமுகமான கப்பல் தலைவர் ஒருவர், ஃபேர்ஹேவன் ஊரில் உனக்கொரு கப்பல் இருக்கிறது, கொஞ்சம் பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்றார். போய்ப் பார்த்தால் வயல் நடுவே முட்டுக்கொடுத்து, கித்தான் மூடிக் கிடந்தது ஒரு பழைய சிப்பிப் படகு. அதுதான் ‘ஸ்பிரே’. பக்கத்திலிருந்த ஓக் மரத்தை வெட்டி ஏராமரம் போட்டார். அடியில் பின்முனையிலிருந்து முன்முனையான அணியம் வரை நீளும் அந்த மரமே படகின் முதுகெலும்பு. இளமரங்களைக் கொதியாவியில் வேகவைத்து வளைத்து வங்குகள், அதாவது விலாக்கட்டைகள், பொருத்தினார். பழைய கட்டை ஒன்றை எடுத்தால் அதே இடத்தில் புதியதொன்றை வைப்பது என்ற முறையில், பழைய ஸ்பிரேயில் ஏதும் மிஞ்சாத அளவுக்குப் புதுப்பிக்கப் பதின்மூன்று மாதம் ஆனது. பொருள்செலவு 553 டாலர் 62 சென்ட் என்று கணக்கு வைத்திருந்தார். நீளம் 36 அடி 9 அங்குலம்.

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 46,000 மைல் ஓடி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் வந்து சேர்ந்தார். தென் அமெரிக்காவின் தென்கோடியில், இரவில் படகேறி வரக்கூடியவர்களுக்காகத் தளத்தில் கம்பள ஆணிகளைத் தலைகீழாகத் தூவிவிட்டுத் தூங்கினார். வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக் கடலில் குதித்தார்கள் என்பது அவர் எழுதியதில் மிகவும் பேர்போன இடம். தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் குடியரசுத் தலைவர் க்ரூகரைக் கண்டபோது, உலகைச் சுற்றிவருகிறார் என்று அறிமுகம் செய்தவரை அந்தப் பெரியவர் திருத்தினார்: உலகம் தட்டையானது என்பது அவர் நம்பிக்கை. உடன் எடுத்துப்போன கடிகாரம் முகப்புக் கண்ணாடி உடைந்து ஒரு டாலருக்கு வந்த தகரக் கடிகாரம். விலையுயர்ந்த கப்பல் கடிகாரம் இல்லாத குறையை, நிலவுக்கும் விண்மீன்களுக்கும் இடையேயுள்ள கோணத்தை அளந்து நேரம் கணிக்கும் பழைய முறையால் ஈடுகட்டினார்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவை ஒட்டிய வியாழன் தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகள் வரை 2,700 மைல். 23 நாளில் அதைக் கடந்தபோது, ஸ்லோகம் சுக்கானருகே நின்ற நேரம் மொத்தம் மூன்று மணிக்கும் குறைவு. ஏராமரம் நீளமாகவும் நேராகவும் இருந்தது, படகு அகன்றிருந்தது, பாய்கள் முன்பின் சமமாக அமைந்திருந்தன. அதனால் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால் ஸ்பிரே தன் திசையில் தானே போனது. அந்த நேரத்தில் அவர் சமைத்தார், படித்தார், தூங்கினார். தனியாள் பயணத்தின் இரண்டாம் சிக்கலான தூக்கத்துக்கு, ஸ்பிரேயின் வடிவமே விடையாக அமைந்துவிட்டது. ஆனால் எல்லாப் படகும் ஸ்பிரே ஆகாது. அதைப் பார்த்து அளவெடுத்துக் கட்டியவர்கள் எல்லோருக்கும் அந்தச் சமநிலை வாய்க்கவில்லை.

ஸ்லோகம் 1900இல் வெளியிட்ட பயண நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. 1909 நவம்பரில் அதே ஸ்பிரேயில் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவிலிருந்து தெற்கே கிளம்பியவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு நீந்தத் தெரியாது.

ஸ்லோகம் கடலிலேயே வளர்ந்தவர். படகு கட்டவும் தெரிந்தவர். அடுத்ததாக உலகைத் தனியே சுற்றிய ஹாரி பிட்ஜன் அயோவா மாநிலத்து உழவர் வீட்டுப் பிள்ளை. கடல் இல்லாத ஊர். புகைப்படக்காரராகப் பிழைத்தவர். ஏறக்குறைய ஐம்பது வயதில் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகக் கரையில் 34 அடி ‘ஐலண்டர்’ படகைத் தன் கையால் கட்டினார். அதற்கான வரைபடம் ‘ரடர்’ என்ற படகுப் பத்திரிகை வழியே வந்தது. பத்திரிகையின் ஆசிரியர் தாமஸ் ஃபிளெமிங் டே, தொழில் தெரியாதவர்களும் கட்டக்கூடிய ‘சீ பேர்ட்’ என்ற வடிவத்தைப் பரப்பியவர். அதன் அடிப்பாகம் உருண்டையாக இல்லாமல் கோணமாக மடிந்திருக்கும். வங்குகளை வேகவைத்து வளைக்க வேண்டியதில்லை, நேர்க்கட்டைகளை அறுத்துப் பூட்டினால் போதும். 1911இல் டே அதே வகை 25 அடிப் படகில் இருவரைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து, வரைபடம் வெறும் தாள் அல்ல என்று காட்டியிருந்தார்.

பிட்ஜன் கடல்வழி கணிக்கும் கலையை நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டார். 1921 நவம்பரில் கிளம்பி 1925 அக்டோபரில் திரும்பினார். பனாமா கால்வாய் வழியாக உலகைத் தனியாகச் சுற்றிய முதல் ஆள் அவர். 1932இல் மறுபடி கிளம்பி இரண்டாம் முறையும் தனியாகச் சுற்றிவந்தார். சாகசக் கதைக்கு வேண்டிய ஆபத்துகள் அவர் பயணத்தில் குறைவு. அதனால்தான் அவர் பெயர் அதிகம் பேசப்படவில்லை. வரலாற்றைப் பொறுத்தவரை ஜான்சனையும் ஸ்லோகத்தையும்விட அவருக்கே கூடுதல் இடம் தரவேண்டும். பத்திரிகையில் வந்த வரைபடம், கடையில் வாங்கிய மரம், நூலகத்துப் புத்தகம் என்ற மூன்றை மட்டும் முதலாகக் கொண்டு சாதாரண ஆள் இதைச் செய்யலாம் என்று நிறுவியவர் அவர்தான்.

மரம் வாங்குவதும் இழைப்பதும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எளிதாயிற்று. நீர் பட்டாலும் பிரியாத பசை, அந்தப் பசையால் ஒட்டிய கடல் பிளைவுட் இரண்டும் போரின்போது விமானத்துக்கும் படகுக்கும் பெருமளவில் தயாரானவை. பலகைக்குப் பலகை பஞ்சு அடைத்துத் தார் பூச வேண்டிய நிலை மாறியது. எடை குறைந்தது, கசிவும் குறைந்தது.

இந்த மாற்றத்தின் நல்ல எடுத்துக்காட்டு ‘டிரெக்கா’. ஆங்கிலக் கால்வாயின் ஜெர்சி தீவைச் சேர்ந்த ஜான் கஸ்வெல், சிறுவயதில் குடும்பத்தோடு ஜெர்மானியர் முகாமில் அடைபட்டிருந்தவர். தச்சராகக் கனடாவின் விக்டோரியா நகருக்குக் குடியேறி, அங்கே ஒரு மீன் வறுவல் கடையின் பின்கட்டில், வேலை முடிந்த மாலைகளில் 20 அடி 6 அங்குலப் படகைக் கட்டினார். வடிவமைத்தவர் லாரன்ட் கைல்ஸ். மெல்லிய செடார் பலகைகளை விளிம்போடு விளிம்பு பசையிட்டுச் சேர்த்த உடல். எடை மிகக் குறைவு. கனத்த படகே கடலுக்கு ஏற்றது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அலையோடு மேலெழுந்து இறங்கும் லேசான படகு அதைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம் என்பதை டிரெக்கா காட்டியது. 1955 செப்டம்பரில் கிளம்பி 1959 செப்டம்பரில் விக்டோரியா திரும்பியபோது, உலகைச் சுற்றிய படகுகளில் அதுவே மிகச் சிறியது.

இடையில் கஸ்வெல் டிரெக்காவை நியூசிலாந்தில் நிறுத்திவிட்டு, ‘ட்சூ ஹாங்’ என்ற 46 அடிப் படகில், அதன் உரிமையாளர்களான ஸ்மீட்டன் தம்பதியோடு, தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனை நோக்கிப் போனார். 1957 பிப்ரவரியில் ஓர் அலை அந்தப் பெரிய படகை அணியம் கீழாகக் குட்டிக்கரணம் போட வைத்தது. பாய்மரங்கள் ஒடிந்தன, தளத்தின் மேலிருந்த அறை பிய்ந்துபோய்ப் பெரிய ஓட்டை விழுந்தது. கஸ்வெல் கிடைத்த பலகையையும் கித்தானையும் கொண்டு அதை அடைத்து, மரத்துண்டுகளை ஒட்டிப் புது மரம் நட்டு, படகு சிலி நாட்டுக் கரை சேர வழிசெய்தார். தன் படகைத் தானே கட்டியவருக்கு நடுக்கடலில் கிடைக்கும் பெரிய அனுகூலம் இதுதான்: எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், மாற்று ஆணியும் அடிக்கத் தெரியும்.

தூக்கத்துக்குப் பொதுவான தீர்வு 1960களில் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை வீரர் பிளாண்டி ஹாஸ்லர், தன் 25 அடி ‘ஜெஸ்டர்’ படகில் சீன முறைப் பாய் ஒன்றும், காற்றால் இயங்கும் சுக்கான் கருவியும் பொருத்தினார். படகின் பின்புறம் நிற்கும் சிறு தகடு காற்றடிக்கும் திசையைக் காட்டிக்கொண்டிருக்கும். படகு திசை மாறினால் தகடு திரும்பும். அது நீரிலுள்ள ஒரு துடுப்பைச் சற்றே முறுக்கும். ஓடும் நீரின் விசை அந்தத் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ளும். அதில் கட்டிய கயிறுகள் சுக்கானை இழுத்துப் படகைப் பழைய திசைக்குக் கொண்டுவரும். மின்சாரமோ எண்ணெயோ வேண்டாம். முதலில் எளிய வடிவில் வந்து, ஹாஸ்லர் கையில் படிப்படியாக வளர்ந்த கருவி இது. அவர் முன்னின்று தொடங்கிய 1960ஆம் ஆண்டு தனியாள் அட்லாண்டிக் போட்டியில் ஐந்து பேர் கலந்துகொண்டார்கள். 40 நாளில் முதலில் வந்தவர் பிரான்சிஸ் சிசெஸ்டர், அடுத்து ஹாஸ்லர். ஜெஸ்டரை ஓட்ட ஹாஸ்லர் உள்ளறையை விட்டு அதிகம் வெளியே வரவே வேண்டியிருக்கவில்லை. காற்றுத் தகடு வந்தபின், நீளமான ஏராமரமுள்ள படகுதான் வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று.

தூக்கச் சிக்கல் அதோடு முழுதாகத் தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. சிறு படகில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொடுவானம் மூன்று கடல் மைலில் முடிந்துவிடும். 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல், வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் இருபது நிமிடத்தில் ஐந்து கடல் மைல் ஓடும். கப்பலின் உயரத்தால் அது சற்று முன்பே கண்ணில் பட்டாலும், தனியாக ஓடுபவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சுற்றிப் பார்ப்பது என்ற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளோ எந்நேரமும் கண்காணிப்பு வேண்டும் என்கின்றன. அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், தூங்குகிற ஒவ்வொரு தனிப்பயணியும் விதியை மீறுகிறார்.

1962இல் கெனிச்சி ஹோரி என்ற 23 வயது ஜப்பானியர், 19 அடி பிளைவுட் படகான ‘மெர்மெய்ட்’டில் நிஷினோமியாவிலிருந்து கடவுச்சீட்டு இல்லாமல் கிளம்பி, 94 நாளில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார். பிடித்து உள்ளே வைப்பதற்குப் பதிலாக நகர மேயர் வரவேற்பு கொடுத்தார். அதே ஹோரி 2022இல் 83 வயதில், அதே அளவுள்ள படகில் பசிபிக்கை மறுதிசையில் தனியாகக் கடந்தார்.

ராபர்ட் மான்ரியின் பயணம் இந்திய வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. 1918இல் முசோரியை அடுத்த லாண்டூரில், மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். சிறு படகில் கடலோடுவதைப் பற்றி இங்கே பள்ளியில் கேட்ட சொற்பொழிவு மனதில் தங்கிவிட்டது. பின்னர் கிளீவ்லாந்தில் ஒரு நாளிதழின் துணையாசிரியர் மேசையில் பிழை திருத்தும் வேலை. பிள்ளைகளோடு ஏரியில் ஓட்டுவதற்காக 1958இல் 160 டாலருக்குப் பழைய மரப்படகு ஒன்று வாங்கினார்; நீளம் பதின்மூன்றரை அடி. அதற்குத் தளம் அடித்து, சிற்றறை கட்டி, மூழ்காதிருக்க உள்ளே நுரைப் பொருள் அடைத்து, அடியில் எடை சேர்த்தார். ‘டிங்கர்பெல்’ என்று பெயர். நண்பரோடு 25 அடிப் படகில் போகவிருந்த திட்டம், நண்பர் பின்வாங்கியதும் தனிப்பயணமாயிற்று. இந்த மாற்றத்தை வீட்டாருக்கு அப்பால் அவர் அதிகம் வெளியே சொல்லவில்லை. 1965 ஜூன் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால்மத்திலிருந்து கிளம்பி, 78 நாளில் இங்கிலாந்தின் ஃபால்மத்தில் இறங்கினார். அலை அவரைப் பலமுறை படகிலிருந்து தூக்கியெறிந்தது. இடுப்புக் கயிறுதான் மீட்டது. தூக்கமின்மையும் விழித்திருக்க விழுங்கிய மாத்திரையும் சேர்ந்து, இல்லாத ஆட்களைப் படகில் காட்டின. ஃபால்மத்தில் பெருங்கூட்டமும் நூற்றுக்கணக்கான படகுகளும் அவரை எதிர்கொண்டன.

மும்பைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1968–69இல் எங்கும் நிற்காமல் உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 32 அடி ‘சுஹைலி’, அங்கேதான் தேக்கு மரத்தில், வாச்சியும் வில்துரப்பணமும் பிடித்த தச்சர்கள் கையால் உருவானது. அதற்காக நடந்த போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. ஆன நாள் 312.

இதே காலத்தில் வரலாறு ஒரு குறுகலான சந்துக்குள் புகுந்தது. படகை எவ்வளவு சிறிதாக்கலாம் என்ற போட்டி தொடங்கியது. விமானி ஹ்யூகோ விலன் 1968இல் ஆறடிப் படகில் காசாபிளாங்காவிலிருந்து ஃபுளோரிடா கரை வரை வந்தார். 1993இல், போட்டியாளரின் படகைவிடச் சிறிதாக இருக்கவேண்டும் என்று தன் படகைச் சில அங்குலம் அறுத்துக் குறைத்து, 5 அடி 4 அங்குலத்தில் அட்லாண்டிக்கைக் கிழக்கே கடந்தார். இது வீரம்தான், படகுக்கலை அல்ல. காரணம் கணக்கில் இருக்கிறது. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகின் உச்ச வேகம் நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 16 அடிக்கு ஐந்தரை நாட் அளவு, 5 அடிக்கு மூன்று நாட் மட்டும். வேகம் குறைந்தால் நாள் கூடும். நாளுக்கு மூன்று லிட்டர் என்றாலும் நூறு நாளுக்கு 300 கிலோ குடிநீர் வேண்டும். அதைச் சுமக்க இடமில்லாத அளவுக்குப் படகைக் குறைத்துவிட்டு, சுமக்கவேண்டிய பாரத்தைக் கூட்டிக்கொள்வது தலைகீழ்க் கணக்கு. 2023இல் ஒரு மீட்டர் நீளப் படகில் கனடாவிலிருந்து கிளம்பிய ஒருவர் நீர் கசிந்து உடனே திரும்பினார். அந்தப் படகு கரையில் தூக்கும்போது விழுந்து உடைந்தது.

அளவைக் குறைத்தாலும் அறிவோடு குறைத்தவர்கள் இல்லாமல் இல்லை. மினசோட்டாவின் பள்ளி ஆசிரியர் ஜெரி ஸ்பீஸ், தன் வீட்டுக் கார் கொட்டகையில் கட்டிய பத்தடி பிளைவுட் படகில் 1979இல் அட்லாண்டிக்கை 54 நாளில் கடந்தார். 1981இல் அதே படகில் பசிபிக்கையும் கடந்து சிட்னி சேர்ந்தார். ஸ்வீடனின் ஸ்வென் யிர்விந்த் தாயார் வீட்டு நிலவறையில் கட்டத் தொடங்கி, 1980இல் 20 அடிக்கும் குறைந்த படகில், தென்கோளக் குளிர்காலத்தில், ஹார்ன் முனையைச் சுற்றினார். பிரிஸ்பேனில் தன் கையால் அலுமினியத் தகட்டில் 11 அடி 10 அங்குலப் படகு கட்டிய செர்ஜ் டெஸ்டா, 1984 முதல் 1987 வரை உலகையே சுற்றிவந்தார். ஏறத்தாழ 500 நாள் கடலில் கழிந்தது. நடுக்கடலில் படகுக்குள் தீப்பிடித்து உடல் வெந்தது. பிரான்சின் யான் கெனே, தானே கட்டிய நான்கு மீட்டர் பிளைவுட் படகில் 2019இல் கிளம்பி, துறைக்குத் துறை நின்று, 2022இல் சுற்றி முடித்தார்.

வீட்டுப் படகு எல்லாம் ஊர் திரும்பியதில்லை. மெய்ன் மாநிலத்து லாரி ஓட்டுநர் பில் டன்லப், ஒன்பதடிப் படகில் 1982இல் அட்லாண்டிக்கைக் கடந்தார். 1984இல் பசிபிக்கில் மறைந்தார். ஸ்டீவன் காலஹன் தானே வடிவமைத்துக் கட்டிய 21 அடிப் படகு, 1982 பிப்ரவரியில் கேனரித் தீவுகளுக்கு மேற்கே, அநேகமாகத் திமிங்கிலம் மோதி, இரவில் உடைந்தது. ரப்பர் தெப்பத்தில் 76 நாள் மிதந்தார். கடல்நீரை வெயிலில் ஆவியாக்கிச் சொட்டுச்சொட்டாகப் பிடித்த நீரும், ஈட்டியால் குத்திய மீனும் அவரை உயிரோடு கரிபியனில் சேர்த்தன. புதுச்சேரிச் சிறுவன் நடுக்கடலில் தத்தளிக்கும் கதையை ஆங் லீ படமாக எடுத்தபோது, கடல் வாழ்க்கை பற்றி ஆலோசனை சொல்ல அழைத்தது இந்தக் காலஹனைத்தான்.

அதிகாரிகள் இதில் தலையிடுவதும் உண்டு. தெளிவாக ஆபத்தானது என்று தோன்றும் பயணத்தை அமெரிக்கக் கடலோரக் காவல்படை தடுத்து நிறுத்தலாம். விலன் 1993இல் கனடாவுக்குப் போய்க் கிளம்பவேண்டி வந்தது அதனால்தான். ஆனால் படகின் நீளத்தை வைத்து ஆபத்தை அளப்பது பாதி உண்மையே. டிரெக்கா விக்டோரியாவின் கடல்சார் சேகரிப்பிலும், ஹோரியின் முதல் படகு சான் பிரான்சிஸ்கோவிலும், டிங்கர்பெல் கிளீவ்லாந்திலும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைக் காணப் போகிறவர்கள் பெயர்ப்பலகையில் எழுதிய அடிக்கணக்கோடு நின்றுவிடாமல், தளத்து மூடி எப்படி அடைகிறது, எடை அடியில் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே வைக்கப்பட்டது என்று குனிந்து பார்க்க வேண்டும்.